கியர் விழ மறுக்கிறதா? ஆயில் டின்னைத் திறக்கும் முன் பார்க்க வேண்டியவை

மதுரையில் கார் வைத்திருப்பவர் "கியர் கடினமாக விழுகிறது" என்று யாரிடம் சொன்னாலும், "கியர் ஆயிலை மாற்றிவிடுங்கள், சரியாகிவிடும்" என்ற பதில் உடனே வரும். எந்த ஆயில் என்று கேட்டால் "90 ஆயில்" என்பார்கள். இரண்டு பதிலிலும் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் இவற்றை நம்பி ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறார்கள். கியர் கோளாறுகளில் ஒரு பகுதிக்குத்தான் எண்ணெய் காரணம். எண்ணெய்தான் காரணம் என்று உறுதியான பிறகும், "கெட்டியானது நல்லது, பெரிய எண் உயர்ந்தது" என்ற எண்ணத்தோடு கடைக்குப் போனால் சிறிய கோளாறு பெரிய கோளாறாகிவிடும். கையால் கியர் மாற்றும் கார்களில் எந்த அறிகுறிக்கு எங்கே பார்க்க வேண்டும், எந்த எண்ணெய் வாங்க வேண்டும் என்பதை இங்கே சொல்கிறேன்.

முதலில் கிளட்ச்

காரைச் சமதளத்தில் நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். கிளட்சை முழுதாக மிதித்துக்கொண்டு ஒன்றாம் கியர் முதல் ரிவர்ஸ் வரை எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். பிறகு எஞ்சினை இயக்கி, வண்டி நின்ற இடத்திலேயே, அதையே மறுபடியும் செய்யுங்கள்.

எஞ்சின் அணைந்திருந்தபோது எளிதாக விழுந்த கியர்கள், எஞ்சின் ஓடும்போது அடம்பிடித்தால் கியர் ஆயிலைத் தொடவே வேண்டாம். கிளட்ச் முழுமையாகப் பிரியவில்லை என்று பொருள். பெடலை மிதித்த பிறகும் எஞ்சினின் சுழற்சி கியர்பாக்ஸுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. எவ்வளவு விலையுயர்ந்த எண்ணெயாலும் அதை நிறுத்த முடியாது.

ரிவர்ஸ் கியரைக் கொண்டு இதை இன்னும் உறுதி செய்யலாம். பல கார்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ ரிங் (பற்கள் கோக்கும் முன் சக்கரங்களின் வேகத்தைச் சமன் செய்யும் வளையம்) கிடையாது. நியூட்ரலில் எஞ்சின் ஓடும்போது கிளட்சை மிதித்து, ஐந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். கிளட்ச் ஒழுங்காகப் பிரிந்தால் அந்த நேரத்தில் உள்ளே சுழலும் சக்கரங்கள் ஓய்ந்துவிடும். ரிவர்ஸ் சத்தமின்றி விழும். அத்தனை விநாடி பொறுத்தும் கரகரவென்று அரைத்தால் கிளட்ச் இழுக்கிறது, அதாவது முழுமையாகப் பிரியவில்லை. உடனே போட்டால் அரைக்கிறது, பொறுத்துப் போட்டால் அரைக்கவில்லை என்றால் கோளாறே இல்லை. பொறுத்துப் போடுங்கள், அவ்வளவுதான்.

கிளட்ச் இழுப்பதற்கான காரணங்களைச் செலவில்லாததிலிருந்து தேடிப் போங்கள். முதலில் கால்மிதியைப் பாருங்கள். புதிதாக வாங்கிப் போட்ட தடித்த மிதி, பெடலுக்கு அடியில் மடங்கி முழு மிதியைத் தடுப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அடுத்து, ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் திரவத்தின் அளவு. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது, காற்றும் புகுந்திருக்கலாம். இதற்கு டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் திரவம்தான். அந்தக் கிண்ணத்தில் கியர் ஆயிலையோ எஞ்சின் ஆயிலையோ ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். கேபிள் கிளட்ச் என்றால் கேபிளின் தளர்வு. கடைசியாகத்தான் கிளட்ச் தட்டு. சித்திரைத் திருவிழா நாட்களில் தல்லாகுளம், கோரிப்பாளையம் நெரிசலில் பாதிக் கிளட்சிலேயே மணிக்கணக்கில் ஊர்ந்த கார்களில் தட்டு சூடேறி வளைந்துபோவது உண்டு. வளைந்த தட்டு முழுமையாகப் பிரியாது.

எஞ்சின் ஓடினாலும் அணைந்தாலும் ஒரே மாதிரி கடினமாக இருந்தால், கியர் நெம்புகோலிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிளையும் அதன் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் புஷ்களையும் பாருங்கள். ஒருவர் உள்ளே கியர் போட, இன்னொருவர் பானட்டுக்குள் பார்த்தால் போதும். உள்ளே கை நகர்ந்தும் வெளியே கம்பி அரைகுறையாக நகர்ந்தால் கோளாறு அங்கேதான். இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் எண்ணெயைப் பற்றிப் பேச வேண்டும்.

டின்னில் என்ன எழுதியிருக்கிறது?

கியர் ஆயில் டின்னில் இரண்டு செய்திகள் இருக்கும். இரண்டும் வேறு வேறு விஷயங்களைச் சொல்கின்றன. இவற்றைக் குழப்புவதில்தான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

ஒன்று கெட்டித்தன்மை: 75டபிள்யூ-80, 75டபிள்யூ-90, 80டபிள்யூ-90, 85டபிள்யூ-140 என்று எஸ்ஏஇ (வாகனப் பொறியாளர்கள் சங்கம்) வகுத்த எண்களாக இருக்கும். இந்த எண்களை எஞ்சின் ஆயில் எண்களோடு ஒப்பிடக் கூடாது; அளவுகோல் வேறு. கியர் ஆயிலில் 90 என்பது எஞ்சின் ஆயிலில் ஏறத்தாழ 40 அல்லது 50 என்ற கெட்டித்தன்மைதான். ஆனால் கியர் ஆயில்களுக்குள்ளேயே வேறுபாடு பெரிது. 100 டிகிரி சூட்டில், கடைசி எண் 90 ஆக உள்ள எண்ணெய் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அலகு) வரை இருக்கும். 140 என்றால் குறைந்தது 24. 80 என்றால் 11-ஐ எட்டாது. 75டபிள்யூ-80 கேட்கும் கியர்பாக்ஸில் "90 ஆயில்" ஊற்றினால் வடிவமைத்தவர் நினைத்ததைவிட ஏறக்குறைய இரு மடங்கு கெட்டியான எண்ணெயில் பற்சக்கரங்கள் நீந்துகின்றன.

இரண்டாவது செய்தி ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) வகுத்த வகை: ஜிஎல்-4, ஜிஎல்-5. இங்கே 5 என்பது 4-ஐவிட உயர்ந்த தரம் அல்ல. வேலை வேறு. பின்சக்கர இயக்க வண்டிகளின் பின் ஆக்சிலில் இருக்கும் ஹைபாய்டு பற்சக்கரங்கள் ஒன்றின் மேல் ஒன்று கடுமையாக வழுக்கி உராய்கின்றன. அந்த அழுத்தத்தில் உலோகத்தோடு உலோகம் ஒட்டிக்கொள்ளாமல் காக்க, கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மங்கள் நிறைய வேண்டும். அதற்கானது ஜிஎல்-5. ஜிஎல்-4 எண்ணெயில் அந்தச் சேர்மங்கள் ஏறக்குறைய பாதி அளவே இருக்கும்.

பாதி போதுமா என்றால், கியர்பாக்ஸுக்குப் பாதிதான் சரி. அங்கே பித்தளை சிங்க்ரோ ரிங் இருக்கிறது. நீங்கள் கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் இந்த வளையம் எஃகுக் கூம்பின் மேல் அழுந்தி உராய்ந்து, இரண்டு சக்கரங்களின் வேகத்தைச் சமன் செய்கிறது. வேகம் சமமான பிறகே பற்கள் சத்தமின்றிக் கோக்கின்றன. எனவே இந்த இடத்தில் உராய்வு வேண்டும். அதிகம் வழுக்கும் எண்ணெயில் வளையத்துக்குப் பிடிமானம் இல்லாமல் போய், வேகம் சமமாகும் முன்பே பற்கள் மோதுகின்றன. கந்தகச் சேர்மங்கள் சூட்டில் பித்தளையை அரிக்கும் என்ற கவலையும் உண்டு. இன்றைய ஜிஎல்-5 எண்ணெய்களில் பல அரிப்பைக் கட்டுப்படுத்தும்படி தயாரிக்கப்படுகின்றன. ஆனாலும் பிடிமானச் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை.

சில டின்களில் "ஜிஎல்-4 / ஜிஎல்-5" என்று இரண்டும் சேர்த்து எழுதியிருக்கும். உங்கள் கையேடு ஜிஎல்-4 மட்டும் சொன்னால், ஜிஎல்-4 மட்டும் எழுதிய டின்னையே கேட்டு வாங்குங்கள். கையேடு ஜிஎல்-5-ஐ ஏற்றுக்கொண்டால் தாராளமாக ஊற்றலாம். அந்தக் கியர்பாக்ஸ் அதற்கேற்ற உலோகத்தோடும் வடிவத்தோடும் செய்யப்பட்டிருக்கிறது. கையேட்டின் சொல்லுக்கு மேல் என் சொல்லோ மெக்கானிக்கின் சொல்லோ நிற்காது. ஹூண்டாய் கார்கள் பலவற்றுக்கு 75டபிள்யூ-85 ஜிஎல்-4 என்று இருக்கும். ஹோண்டா தன் கியர்பாக்ஸ்களுக்கென்றே எம்டிஎஃப் என்ற திரவத்தை விற்கிறது. ஆட்டோமேட்டிக் கார்களுக்கான ஏடிஎஃப் திரவத்தையே கேட்கும் சாதாரண கியர்பாக்ஸ்களும் உலகில் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே பீப்பாய் என்பது எப்படிப் பொருந்தும்?

"நம் ஊர் வெயிலுக்குக் கெட்டியானதுதான் நிற்கும்" என்ற வாதத்தையும் அடிக்கடி கேட்கிறேன். சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது உண்மைதான். ஆனால் நெடுஞ்சாலையில் ஓடும் கியர்பாக்ஸ் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் எண்ணெய் வெளிக்காற்றைவிட வெகுவாகச் சூடாகவே இருக்கும். இதே காரை ராஜஸ்தானிலும் விற்கும் நிறுவனம் அந்த வெயிலையும் கணக்கில் கொண்டுதான் எண்ணை எழுதியிருக்கிறது.

"காலையில் முதல் சில கிலோமீட்டருக்கு இரண்டாம் கியர் விழவில்லை, பிறகு சரியாகிவிடுகிறது"

கிளட்ச் சோதனையில் தேறிய காரில் இந்த அறிகுறி இருந்தால் எண்ணெயைச் சந்தேகிக்கலாம். ஆறிய எண்ணெய் கெட்டியாக இருப்பதால் சிங்க்ரோ ரிங்குக்கும் கூம்புக்கும் நடுவிலிருந்து விரைவாக விலகுவதில்லை. எண்ணெய்ப் படலம் விலகினால்தான் பிடிமானம்.

மதுரையின் மார்கழி விடியல்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. கையேடு சொன்ன எண்ணெய் இருக்கும் காரில் அந்தக் குளிருக்கு இது நடக்கக் கூடாது. அப்படியும் நடந்தால், உள்ளே இருப்பது சொன்னதைவிடக் கெட்டியானது, அல்லது ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் கிடந்து கெட்டது. ஆனால் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறி இரவு தங்கியவர்கள், மறுநாள் காலை இரண்டாம் கியர் முரண்டு பிடிப்பதாகச் சொன்னால் அஞ்ச வேண்டாம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். குளிர்காலத்தில் 10 டிகிரிக்கும் கீழே போகும். கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டி, கியரை இழுத்துத் திணிக்காமல் மாற்றினால் எண்ணெய் சூடேறிச் சரியாகிவிடும். ஊர் திரும்பிய பிறகும் தொடர்ந்தால்தான் எண்ணெயை மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

"ஆயில் மாற்றினேன். அதன் பிறகுதான் கரகரப்பே தொடங்கியது"

இந்த அறிகுறி என்னைக் கோபப்படுத்துகிறது, ஏனென்றால் நல்ல கியர்பாக்ஸ் காரணமே இல்லாமல் பாழாகிறது. திருமங்கலத்திலிருந்து கப்பலூர் வழியாக தினமும் நகருக்குள் வந்துபோகும் ஓர் ஓட்டுநரின் சிறிய கார் நினைவுக்கு வருகிறது. கியரில் குறையே இல்லை. கிலோமீட்டர் ஆகிவிட்டது என்று மாற்றச் சொன்னார். "அண்ணே, பெரிய வண்டிக்கு ஊற்றுகிற ஆயில், இன்னும் நன்றாக உழைக்கும்" என்று ஓரிடத்தில் ஊற்றிக் கொடுத்தார்கள். அன்று மாலையே இரண்டிலும் மூன்றிலும் உரசல் சத்தம். உள்ளே போயிருந்தது 85டபிள்யூ-140 ஜிஎல்-5. அதை வடித்து, கையேடு சொன்ன ஜிஎல்-4 எண்ணெயை ஊற்றியதும் சத்தம் அடங்கியது. விரைவில் கண்டுகொண்டதால் தப்பியது; மாதக்கணக்கில் ஓட்டியிருந்தால் வளையங்கள் தேய்ந்து, கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டி வந்திருக்கும்.

எனவே மாற்றிய பிறகு தொடங்கிய கரகரப்புக்கு மூன்று கேள்விகள். என்ன ஊற்றினார்கள்? எவ்வளவு ஊற்றினார்கள்? கூடவே ஏதாவது கலந்தார்களா? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. உராய்வைக் குறைக்கும் என்று சிறு குப்பிகளில் விற்கும் மாலிப்டினம், டெஃப்லான் கலவைகளை எஞ்சினுக்கு வாங்கியவர், மீதியைக் கியர்பாக்ஸிலும் ஊற்றிவிடுகிறார். சிங்க்ரோ ரிங்குக்கு வேண்டியதே உராய்வு. அதைக் குறைக்கக் காசு கொடுக்காதீர்கள். கலந்திருந்தால் வடித்து, சரியான எண்ணெயை ஊற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, தேவைப்பட்டால் மறுபடியும் ஒருமுறை மாற்றுங்கள். ஒரே முறையில் உள்ளே ஒட்டியதெல்லாம் வெளியே வந்துவிடாது.

"ஒரே ஒரு கியரில் மட்டும் அரைக்கிறது"

எல்லாக் கியரிலும் என்றால் எண்ணெய் அல்லது கிளட்ச். ஒன்றில் மட்டும் என்றால் அந்தக் கியரின் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது. அதிகம் தேய்வது பெரும்பாலும் இரண்டாம் கியர்தான். காளவாசல் சிக்னலுக்கும் பழங்காநத்தத்துக்கும் நடுவில் எத்தனை முறை அதைப் போடுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். தேய்வு தொடக்கத்தில் இருந்தால் சரியான புதிய எண்ணெய் ஓரளவு உதவும், முற்றினால் உதவாது. எண்ணெய் மாற்றியும் குறையவில்லை என்றால் மேலும் டின்கள் வாங்குவதை நிறுத்திவிட்டுப் பிரித்துப் பார்க்கும் செலவுக்குத் தயாராகுங்கள்.

"ஓடும்போது கியர் தானே கழன்று நியூட்ரலுக்கு வருகிறது"

எண்ணெய்க்கும் இதற்கும் தொடர்பில்லை. தேய்ந்த பற்கள், ஃபோர்க், பிடிமான ஸ்பிரிங், கிழிந்த கியர்பாக்ஸ் மவுண்ட் ஆகியவற்றில் ஏதோ ஒன்று. மலையில் இறங்கும்போது கழன்றால் எஞ்சின் பிடிப்பு முழுவதும் போய்விடும். சரி செய்யாமல் கொடைக்கானல் பக்கமோ குமுளிப் பக்கமோ போகாதீர்கள்.

"சூடான பிறகு ஊளையிடுகிறது"

நத்தம் பறக்கும் பாலத்திலோ ரிங் ரோட்டிலோ ஒரே வேகத்தில் ஓடும்போது கியர்பாக்ஸ் பக்கமிருந்து ஊளைச் சத்தம் எழுந்தால், முதலில் எண்ணெயின் அளவைப் பாருங்கள். சிறிய கார்களில் மொத்தமே இரண்டு லிட்டரைச் சுற்றித்தான் இருக்கும். அதில் அரை லிட்டர் கசிந்தாலே மேலே இருக்கும் பேரிங்குகளுக்கு எண்ணெய் எட்டாது. அளவு சரியாக இருந்தும் சத்தம் இருந்தால் இதைச் செய்யுங்கள். நின்றபடி நியூட்ரலில் எஞ்சின் ஓட, கிளட்சை மிதியுங்கள். மிதித்ததும் சத்தம் நின்றால் கியர்பாக்ஸ் முன்தண்டின் (எஞ்சினிலிருந்து சுழற்சியை வாங்கும் தண்டு) பேரிங். மிதிக்கும்போது சத்தம் வந்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. தேய்ந்த பேரிங்கின் சத்தத்தை 140 எண்ணெய் கொஞ்ச நாள் அமுக்கிவிடும். பழைய கார் விற்பவர் சிலர் அறிந்தே செய்வது இது. கார் வாங்கும்போது கியர் வழக்கத்தைவிடக் கனமாக இருந்தால், ஃபில்லர் போல்ட்டை (எண்ணெய் ஊற்றும் துளையின் மூடி) திறந்து, எண்ணெய் மிகக் கெட்டியாக இருக்கிறதா என்று விரலில் தொட்டுப் பாருங்கள்.

"வண்டி நின்ற இடத்தில் கறை"

எண்ணெய் சொட்டும் இடம் கோளாறைச் சொல்லிவிடும். முன்சக்கரப் பக்கம் என்றால் டிரைவ் ஷாஃப்ட் ஆயில் சீல். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் என்றால் முன்தண்டின் சீல். அது கிளட்ச் தட்டில் பட்டு வழுக்கத் தொடங்கும் முன் கவனியுங்கள். எஞ்சின் ஆயிலா கியர் ஆயிலா என்று ஐயம் வந்தால் முகர்ந்து பாருங்கள். கந்தக நாற்றம் அடித்தால் கியர் ஆயில். புதிய கியர் ஆயிலே அப்படித்தான் நாறும். கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம்.

"மழைத் தண்ணீரில் நின்றது, அதன் பிறகு கியர் சரியில்லை"

2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் தெருக்களிலும் வீடுகளிலும் தண்ணீர் புகுந்ததை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாதிரி வெள்ளத்தில் பாதிச் சக்கரத்துக்கு மேல் மூழ்கிய காரின் எஞ்சின் ஆயிலை எல்லோரும் மாற்றுகிறார்கள், கியர்பாக்ஸை மறந்துவிடுகிறார்கள். கியர்பாக்ஸின் மேற்பக்கத்தில் காற்று வெளியேற ஒரு சிறு துளை உண்டு. சூடாக இருக்கும் கியர்பாக்ஸ் சட்டென்று குளிர்ந்தால் உள்ளே காற்று சுருங்கி, அந்தத் துளை வழியாகவும் சீல்கள் வழியாகவும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் ஒருநாளும் தள்ளாமல் மாற்றுங்கள். சில நாள் ஓட்டிய பிறகு வடித்துப் பார்த்து, மீண்டும் வெளுப்பு தெரிந்தால் இன்னொரு முறை. பேரிங்குகளில் துரு பிடித்துவிட்டால் திரும்ப வழியில்லை.

மாற்றும்போது

எண்ணெயை வடிக்கும் டிரெயின் போல்ட்டைத் தொடும் முன் மேலே இருக்கும் ஃபில்லர் போல்ட் கழல்கிறதா என்று பாருங்கள். கீழே வடித்துவிட்டு, மேலே துருப்பிடித்த போல்ட் கழலவில்லை என்றால் கார் நின்ற இடத்திலேயே நிற்கும். வண்டி சமதளத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கியில் தூக்கி அளவு பார்த்தால் அளவு பொய் சொல்லும். கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு வடித்தால் அடியில் தங்கிய கசடும் வரும்.

வடித்ததைக் கொட்டும் முன் பாருங்கள். போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறக் குழைவு ஒட்டியிருந்தால் இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் எஃகுச் சில்லுகள் இருந்தால் ஒரு பல் உடைந்திருக்கிறது. எண்ணெயில் பொன்னிறத் துகள் மின்னினால் அது பித்தளை, சிங்க்ரோ ரிங் தேய்கிறது.

பெரும்பாலான கார்களில் ஃபில்லர் துளையின் கீழ் விளிம்பைத் தொட்டு எண்ணெய் வழியும் வரை ஊற்ற வேண்டும். அதற்கு மேல் திணித்தால் நுரைக்கும். சீல் வழியே வெளியேறும். போல்ட்டுக்கு அடியில் இருக்கும் வாஷர் புதிதாக இருக்கட்டும். பொலேரோ, ஈகோ, இன்னோவா கிரிஸ்டா போன்ற பின்சக்கர இயக்க வண்டிகளில் கியர்பாக்ஸுக்கும் பின் ஆக்சிலுக்கும் எண்ணெய் தனித்தனி. கியர்பாக்ஸுக்கு வாங்கிய ஜிஎல்-4 எண்ணெயை மிச்சம் பிடித்துப் பின் ஆக்சிலில் ஊற்றினால் ஹைபாய்டு பற்கள் விரைவில் தேய்ந்துவிடும். ஏஎம்டி கார்களில் (கிளட்ச் பெடல் இல்லாமல் ஒரு கருவியே கியர் மாற்றுபவை) கியர்பாக்ஸ் எண்ணெய் வேறு, கியர் மாற்றும் கருவியின் ஹைட்ராலிக் எண்ணெய் வேறு; அந்தக் கருவியை வீட்டில் திறக்க வேண்டாம்.

மூடி முத்திரை உடையாத டின்னை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். காலி டின்னையும் பில்லையும் வாங்கி வையுங்கள். அதில் இருக்கும் எஸ்ஏஇ எண், ஜிஎல் எண், ஓடிய கிலோமீட்டர் மூன்றையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதிவிட்டால், அடுத்த முறை யார் கையில் கார் போனாலும் ஊகத்துக்கு இடமில்லை. ஒரு வாரம் ஓட்டிய பிறகு குனிந்து இரண்டு போல்ட்டுகளையும் துணியால் துடைத்துப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் வாஷரை மாற்றி, அளவை மறுபடி சரிபார்த்துவிடுங்கள்.